மீந்த தண்ணீர் யாருடையது?



2024ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களைப் பெங்களூரில் வாழும் நம்முடைய ஜனங்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் பருவமழை பொய்த்துப்போயிற்று. கர்நாடகத்திலுள்ள 236 தாலுகாக்களில் 223 தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச் 18 அன்று முதலமைச்சர் சித்தராமையா ஒரு கணக்கை வெளியிட்டார். பெங்களூர் நகரத்துக்கு நாள் ஒன்றுக்குத் தேவையானது 260 கோடி லிட்டர் தண்ணீர். காவிரியிலிருந்து வந்தது 147 கோடி லிட்டர். ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து கிடைத்தது 65 கோடி லிட்டர். பற்றாக்குறை ஏறக்குறைய 50 கோடி லிட்டர். 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 கிணறுகள் வறண்டுபோயிருந்தன.

அந்நாட்களில் நகரத்தின் ஓரங்களில், காவிரிக் குழாய் இன்னும் எட்டாத இடங்களில், குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தவர்கள் அநேகர். அவர்களில் நம் சபைகளின் சகோதரிகளும் உண்டு. அதே ஆராதனையில் அவர்களுக்கு அடுத்த வரிசையில், கணினி நிறுவனங்களில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் வாலிபரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறும் இந்த இரு சாராரும் தண்ணீரைப் பார்க்கும் விதம் மட்டும் ஒன்றாய் இருப்பதில்லை. இந்த மாதம் இதைக்குறித்தே சிந்திக்க விரும்புகிறேன்.

பஞ்சநாளின் பக்தி

தண்ணீர் இல்லாத நாளில் எல்லாரும் சிக்கனக்காரராகிவிடுகிறோம். 2024 மார்ச் மாதத்தில் வாகனம் கழுவவும், தோட்டத்துக்குப் பாய்ச்சவும், கட்டட வேலைக்கும், நீரூற்றுகளுக்கும் குடிநீரைப் பயன்படுத்தலாகாது என்று பெங்களூர் குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். சில நாட்களுக்குள் 22 குடும்பங்களிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலாயிற்று. பொதுவிடங்களின் குழாய்களில் நீர்க்குறைப்புச் சாதனம் பொருத்த வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது.

பின்பு மழை பெய்தது. 2024 அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தண்ணீரை, நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் கொடுப்பது அதன் நோக்கம். நன்றி செலுத்த வேண்டிய காரியமே. ஆனால் குழாய் திறந்தவுடன் பஞ்சநாளின் பக்தியும் போய்விட்டதல்லவா? வறட்சியில் ஜெபிக்கிற நாம், தண்ணீர் வந்தபின் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கண் காணும் தண்ணீருக்காகவே நமக்குக் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவைத்து வண்டி கழுவினால் மனம் பதைக்கிறது. கண்ணுக்கு மறைவாய்ச் செலவாகும் தண்ணீரோ நம் மனதைத் தொடுவதில்லை. அப்படி மறைவாய்ச் செலவாவதில் புதிதாய் வந்த ஒன்றுதான் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் கணினித் தொழில்நுட்பம்.

இயந்திரத்துக்கும் தாகமுண்டு

கைப்பேசியில் நாம் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தால் நொடிப்பொழுதில் பதில் வருகிறது. அந்தப் பதில் கைப்பேசிக்குள் பிறப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில், ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கட்டடத்தில் பிறக்கிறது. அதைத் தரவு மையம் என்கிறார்கள். ஓடுகிற கணினி சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்கப் பல மையங்களில் குளிர்விப்புக் கோபுரங்கள் உண்டு. அங்கே தண்ணீர் ஆவியாகி, வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. நாம் குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போனாலும் அதைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆவியாய்ப் போன தண்ணீரோ அந்த ஊருக்கு உடனே திரும்புவதில்லை.

இரண்டாவது வழி மின்சாரம். சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் உலகின் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன. இது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 2030க்குள் இது இரண்டு மடங்குக்கு மேலாகும் என்பது அவர்கள் மதிப்பீடு. நம் தேசத்தில் மின்சாரத்தின் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையத்துக்கும் தண்ணீர் வேண்டும். 2015 டிசம்பரில் மத்திய அரசு விதித்த வரம்பே, பழைய நிலையங்களுக்கு யூனிட் ஒன்றுக்கு 3.5 லிட்டர். ஆகவே விளக்கை எரியவிட்டுப் போகிறவனும் ஒருவகையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவனே.

எத்தனை துளி?

இதைக்குறித்து மனுஷர் சொல்லும் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதில்லை. 2023இல் அமெரிக்காவின் ரிவர்சைடு நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாவோலெய் ரென் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்நாளைய ஜி.பி.டி.-3 என்ற அமைப்பு 10 முதல் 50 பதில்களைக் கொடுப்பதற்குள் அரை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றார்கள். 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனமோ, தன் ஜெமினி என்ற அமைப்பில் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.26 மில்லிலிட்டர், அதாவது ஐந்து துளிகளே செலவாகிறது என்று அறிவித்தது.

ஏன் இத்தனை வித்தியாசம்? அமைப்புகள் முன்னேறியிருப்பது ஒரு காரணம். எதை எண்ணுகிறோம் என்பது மற்றொரு காரணம். முந்தின ஆய்வு மின்சாரம் தயாரிக்கச் செலவான தண்ணீரையும் சேர்த்தது. கூகுளின் கணக்கு தரவு மையத்தில் செலவானதை மட்டும் எண்ணியது. அந்த நிறுவனமே ஒரு கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரம் ஆகிறது என்கிறது. அந்த மின்சாரம் நம் நாட்டின் பழைய அனல்மின் நிலையத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன வரம்பின்படி இன்னும் 0.84 மில்லிலிட்டர் வரை சேரும். ஐந்து துளி இருபது துளியாகிவிடும்.

இருபது துளியும் அற்பமே என்று சொல்வீர்கள். உண்மைதான். ஒருமுறை கழிப்பறைத் தொட்டியைத் திறந்தால் ஆறு லிட்டர் போகிறது. இருபது துளிக் கணக்கின்படி அது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்குச் சமம். ஆனால் ஒரு துளியைப் பார்த்து முழுக் கிணற்றை நியாயந்தீர்க்கக்கூடாது. கூகுள் நிறுவனத்தின் தரவு மையங்கள் 2023ஆம் ஆண்டில் செலவிட்ட தண்ணீர் 610 கோடி கேலன், அதாவது சுமார் 2,300 கோடி லிட்டர். அது பெங்களூர் நகரம் முழுவதற்கும் ஒன்பது நாள் தேவை. ஒரு நிறுவனத்துக்கு அது பெரிது. உலகத்துக்கு அது சிறிது.

அப்படியானால் எந்தக் கணக்கு முக்கியம்? தண்ணீர் எந்த ஊரில் எடுக்கப்படுகிறது என்ற கணக்கே முக்கியம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள கூகுள் தரவு மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்பது வியாபார இரகசியம் என்று சொல்லி நெடுநாள் மறைக்கப்பட்டிருந்தது. ஒரு செய்தித்தாள் அதைக் கேட்டு வழக்கு வரைக்கும் போன பின்பு கணக்கு வெளியே வந்தது. 2021இல் அந்த ஊர் முழுவதும் பயன்படுத்திய தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அந்த மையங்களுக்கே போயிருந்தது. உலகக் கணக்கில் ஒரு துளி. அந்த ஊர்க் கணக்கில் நான்கு குடத்தில் ஒரு குடம்.

மூன்று மனப்பான்மைகள்

இக்காரியத்தில் ஜனங்களிடத்தில் மூன்று விதமான மனப்பான்மைகளைக் காண்கிறோம்.

முதலாவது, "என் ஒருவனால் என்ன ஆகும்?" என்பவர்கள். கொஞ்சத்தில் உண்மையாயிருக்கிறவன் அதிகத்திலும் உண்மையாயிருப்பான் என்று நம் ஆண்டவர் போதித்தார் (லூக். 16:10). ஐந்து துளிக்குக் கணக்கு வைக்காத உள்ளம் ஐந்நூறு லிட்டருக்கும் கணக்கு வைக்காது.

இரண்டாவது, எல்லாப் பழியையும் இயந்திரத்தின்மேல் போடுகிறவர்கள். தண்ணீரையெல்லாம் கணினி குடித்துவிடுகிறது என்று கூட்டங்களில் ஆவேசமாய்ப் பேசிவிட்டு, வீட்டில் நிரம்பி வழியும் மேல்தொட்டியை நிறுத்த எழுந்திருக்கமாட்டார்கள். நம் தேசத்தின் நன்னீரில் மிகப் பெரும்பங்கு விவசாயத்துக்கே செலவாகிறது. அதன் பின்னரே மற்றவை. இயந்திரத்தைச் சபிப்பது நம் குழாயைப் பழுதுபார்க்கிறதற்கு ஈடாகாது.

மூன்றாவது, நம்மில் சிலரிடமே காணப்படுவது. செயற்கை நுண்ணறிவு அந்திக்கிறிஸ்துவின் கருவி, கடைசிக் காலத்தின் அடையாளம், ஆகவே இதைப்பற்றி ஆராய ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறார்கள். கர்த்தருடைய வருகையை நானும் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன். ஆனால் எஜமான் வரத் தாமதித்தாலும் விரைந்தாலும் உக்கிராணக்காரனின் கடமை ஒன்றே: ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பது. பயம் ஒரு குடம் தண்ணீரையும் மீதப்படுத்தியதில்லை. மேலும், 2020ஆம் ஆண்டுமுதல் நம் ஆராதனைகளை இணையத்தில் ஒளிபரப்பி வருகிறோம். காணிக்கையையும் கைப்பேசியில் பெறுகிறோம். இவையெல்லாம் தரவு மையங்களின் வழியாகவே நடக்கின்றன. அவற்றின் தண்ணீரில் நமக்கும் பங்குண்டு.

ஆடுகளுக்குள்ளே ஒரு நியாயம்

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மேய்ப்பர்களைக் கண்டிக்கும் அதிகாரமாகவே வாசிக்கிறோம். 17ஆம் வசனத்திலிருந்து தேவன் ஆடுகளின் பக்கமாய்த் திரும்புகிறார். கொழுத்த ஆடுகள் நல்ல தண்ணீரைக் குடித்த பின்பு, மீந்ததைக் காலால் கலக்கிவிடுகின்றன. பின்னால் வரும் மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கலைக் குடிக்க வேண்டியதாகிறது. அங்கே குடித்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. தாகத்துக்குக் குடிக்கத் தேவனே நீரூற்றைக் கொடுத்தார். பின்னால் வருகிறவன் ஒருவன் உண்டு என்பதை மறந்ததே குற்றம்.

இந்த வேத பகுதியை வைத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடுகிறது. எத்தனை துளி குடித்தோம் என்பதோடு, மீந்த தண்ணீர் யாருடையது, அதை என்ன நிலையில் விட்டுவந்தோம் என்றும் கேட்க வேண்டும். தரவு மையம் கட்டுகிற பெரிய நிறுவனத்துக்கும் இதே கேள்வி. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் விசுவாசிக்கும் இதே கேள்வி.

ஊரைவிட்டு ஊர்வந்து பிழைக்கும் நமக்கு இன்னொரு பகுதியும் உண்டு. ஏதோமின் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தபோது இஸ்ரவேலர் அந்நாட்டு ராஜாவுக்குச் சொல்லியனுப்பியதை எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பெரும்பாதையில் மட்டும் நடப்போம். எங்கள் மிருகங்கள் உங்கள் தண்ணீரைக் குடித்தால் அதற்கு விலை கொடுப்போம் என்பது அவர்கள் சொன்னதின் சாரம். அந்நியர் தேசத்தின் தண்ணீரைக் கேட்காமலும் கணக்கில்லாமலும் எடுக்கக்கூடாது என்ற மரியாதை அந்தப் பரதேசிகளிடம் இருந்தது.

பெங்களூரில் வாழும் தமிழருக்கு இது இன்னும் நெருக்கமானது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கிற்று. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. தீர்ப்பின் நியாயத்தை ஆராய்வது என் நோக்கமல்ல. நம் சமையலறைக் குழாயில் வருவது, இந்த மண்ணின் ஜனங்கள் நம்மோடு பகிர்ந்துகொண்ட தண்ணீர்; அதேவேளையில் தஞ்சைத் தரணியில் நம் உறவினர் வாய்க்காலில் எதிர்பார்த்திருந்த தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு அது நம்மிடம் வருகிறது. இரு பக்கத்தாருக்கும் கடன்பட்டவர்களாய் அதைக் குடிக்கிறோம்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

நம் தேசத்தில் உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் வாழ்கிறார்கள். உலக நன்னீரில் நமக்குள்ளதோ 4 சதவீதம். இப்படிப்பட்ட நாட்டில் மும்பை, சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களில் தரவு மையங்கள் பெருகிவருகின்றன. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் பெரிய மையம் அமைப்பதாகக் கூகுள் அறிவித்தது. இவற்றால் வேலையும் வரும், வருமானமும் வரும். நம் பிள்ளைகளில் அநேகர் அதனால் பிழைப்பார்கள். எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்கிறேன்.

இது குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா? கோடைக்காலத்தில் எவ்வளவு எடுக்கப்படும்? அந்தக் கணக்கு ஊர் ஜனங்களுக்கு வெளிப்படையாய்த் தெரிவிக்கப்படுமா? தண்ணீரை ஆவியாக்காமல் மூடிய குழாய்ச் சுற்றில் குளிர்விக்கும் முறையும் உண்டு. 2024இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் புதிய மையங்களுக்கு அப்படிப்பட்ட அமைப்பை அறிவித்தது. அதில் தண்ணீர் மிச்சம், மின்சாரம் சற்று அதிகம். எந்த ஊருக்கு எது தகும் என்பதை அந்த ஊரின் கிணறுகளைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இந்தத் துறையில் பணிபுரியும் சகோதர சகோதரிகளே, இக்கேள்விகளை உள்ளிருந்து கேட்கக்கூடியவர்கள் நீங்களே. நீங்கள் அங்கே இருப்பது சம்பளத்துக்காக மட்டுமல்லவே.

வீட்டிலும் சபையிலும்

பிறரைக் கேட்கிறவர்கள் முதலாவது தங்கள் வீட்டைச் சீர்ப்படுத்த வேண்டும். சில காரியங்களை முன்வைக்கிறேன்.

நம் நற்செய்திக் கூட்டங்களும் உபவாச ஜெபங்களும் முடிந்தபின் நாற்காலிகளுக்கடியில் பாதி குடித்த அரை லிட்டர் பாட்டில்கள் எத்தனை கிடக்கின்றன! ஆராய்ச்சியாளர் இயந்திரத்தின் தாகத்தை அளந்ததும் அதே அரை லிட்டரால்தான். குடிநீர்ப் பானையும் டம்ளரும் வைத்தால் அந்த வீணடிப்பு நின்றுபோகும்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வாங்குகிற சபைகள், ஆராதனைக்குப் பின் அதைத் திறந்துவிடாமல், கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் செடிகளுக்கும் பயன்படுத்தலாம். ஞானஸ்நானம் பெறுவோரைப் பல வாரங்களில் பிரிக்காமல் ஒரே நாளில் சேர்க்கலாம்.

வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒரு லிட்டர் கொடுக்க, பல வீடுகளில் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். ஒழுகும் குழாய்க்கு ஒரு சிறிய வாஷர் போதும்.

ஏதோம் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் தவித்த சேனைக்கு, காற்றும் மழையும் காணப்படாத நாளில் பள்ளங்களை வெட்டும்படி எலிசா சொன்னான் (2 இராஜா. 3:16,17). விசுவாசம் மண்வெட்டியை எடுத்தது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூரிலும் 2009இல் சட்டம் வந்தது. உங்கள் ஜெப ஆலயத்தின் கூரையில் விழும் மழை எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறவர்கள் தேவைக்குப் பயன்படுத்துங்கள். எழுத்துக் கேள்வியைவிடப் படத்துக்கும், படத்தைவிடக் காணொளிக்கும் மின்சாரம் மிக அதிகமாய்ச் செலவாகும். 2025 மார்ச்சில் தங்கள் முகத்தைக் கார்ட்டூன் படமாக்கிப் பார்க்க உலகமே முண்டியடித்தது நினைவிருக்கும். ஊழியத்துக்கும் படிப்புக்கும் பிழைப்புக்கும் உதவினால் உபயோகியுங்கள்; பொழுதுபோக்குக்காகப் பத்துமுறை படம் வரையச் சொல்லி அழிக்காதிருங்கள். ஊழியக்காரருக்கு ஒரு வார்த்தை: பிரசங்கத்தை இயந்திரத்திடம் கேட்டு வாங்குகிறவர் இழப்பது தண்ணீரை மட்டுமல்ல, முழங்காலில் காத்திருந்து பெறும் வார்த்தையையும் இழக்கிறார்.

துணிக்கைகளைச் சேர்த்தவர்

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரைப் போஷித்த நம் ஆண்டவருக்குத் துணிக்கைகள் தேவையாயிருந்ததா? நினைத்த மாத்திரத்தில் மறுபடியும் பெருகச் செய்யக்கூடியவர் அவர். ஆனாலும் மீந்தது ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கும்படி சீஷர்களுக்குக் கட்டளையிட்டார் (யோவா. 6:12). அற்புதத்தைச் செய்தவரே மீதியையும் எண்ணினார். தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் குழாயை மூடாமல் போகிறவர்கள் இதைத் தியானிக்க வேண்டும்.

அவரே சீகார் ஊரின் கிணற்றருகே வழிப்பயணத்தால் இளைத்து உட்கார்ந்து, அயலூர்ப் பெண் ஒருத்தியிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அவர் கேட்ட வேளையில் அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. முன்னே யாக்கோபும் அவன் பிள்ளைகளும் மிருகஜீவன்களும் அதிலே குடித்திருந்தார்கள். பின்னால் வந்தவருக்கும் மீதியிருந்தது. நமக்குப் பின்வருகிறவர்களும் நம்மைக் குறித்து அப்படிச் சொல்லும்படி வாழ்வோமாக.

பரலோகப் பிதாவே, மழையைத் தந்ததற்காக ஸ்தோத்திரம். குடிக்கும்போது உம்மையும், குடித்தபின் எங்களுக்குப் பின்னால் வருகிறவனையும் மறவாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.